பர்வதம் மாற்றிப் படித்த அத்தியாயம்

மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு புதன்கிழமை பிற்பகல், வலியசாலையில் நம் சங்கத்துக் கூடத்தில் அப்பள மாவு இடித்துக்கொண்டிருந்தோம். இடிக்க ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தக் கூடாது என்பது பர்வதம் போட்ட சட்டம். கோமு சட்டென்று உலக்கையை நிறுத்தினாள். என்னவென்று நிமிர்ந்தேன். பர்வதத்தின் கணவர் கூடத்துக்குள்ளே நின்றிருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் நம் வாசற்படியைத் தாண்டியதில்லை. மனைவியை அழைத்துப்போக வந்தால் தெருவிலேயே நின்று இரண்டு தடவை இருமுவார். பர்வதம் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். அன்று அவர் இருமவில்லை. "போயிட்டா," என்றார். "நேத்திக்குக் கஞ்சி குடிச்சாளே!" என்று லட்சுமி அவரோடு வாதாடுகிற மாதிரி கேட்டாள். "ஆமாம், குடிச்சா," என்று அவரும் ஒத்துக்கொண்டார். ஒன்பது நாள் காய்ச்சல். வயது நாற்பத்தெட்டு.

நம் கையெழுத்துப் பத்திரிகையில் அவளைப் பற்றி எழுதும்படி என்னிடம் சொன்னீர்கள். அவளோடு பக்கத்துப் பலகையில் பதினோரு வருஷம் அப்பளம் இட்டவள் என்பதைத் தவிர எனக்கு வேறு யோக்கியதை இல்லை. அவள் பரம சாது, பொறுமைக்கே இருப்பிடம் என்றெல்லாம் எழுதினால் மேலே இருந்து சிரிப்பாள். சாதுவும் இல்லை, பொறுமையும் இல்லை. அவளுக்கு இருந்தது ஓர் அரிப்பு. எதையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அரிப்பு. கீரைக்காரியிடம் கீரை வாங்க அரை மணி நேரம் ஆகும். பேரம் பேச மாட்டாள். கீரைக்காரியின் மருமகள் ஏன் கோபித்துக்கொண்டு விழிஞ்ஞத்துக்குப் போனாள் என்பது முடிவாகத் தெரிந்தால்தான் கீரை உள்ளே வரும்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக நம் கூடத்து வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை ரயிலில் வரும் வாரப் பத்திரிகையைப் பர்வதம் பழவங்காடியில் ஒரு கடையில் வாங்கி வருவாள். சனிக்கிழமை பிற்பகல் அதில் வரும் தொடர்கதையை அவள் உரக்கப் படிப்பாள், நாங்கள் கேட்டுக்கொண்டே இடுவோம். படிக்கிறவளால் அப்பளக் குழவி பிடிக்க முடியாதல்லவா? அவள் பங்கு உருண்டைகளை மற்றவர்கள் பிரித்து எடுத்துக்கொள்வோம். முன்னாலேயே படித்துப் பார்ப்பது அவளுக்குப் பிடிக்காது. அந்தப் பத்திரிகையில் சில பக்கங்கள் விளிம்பு வெட்டாமல் ஒட்டிக்கொண்டே வரும். எங்கள் எதிரிலேயே கொண்டை ஊசியை உருவி, பக்கத்தைக் கிழித்துப் பிரித்து, எங்களோடு சேர்ந்து அவளும் திடுக்கிடுவாள்.

படித்து முடித்தபின் விவாதம். ஆரம்பத்தில் எல்லாரும் ஒரே சமயத்தில் கத்தினோம். தெருவில் போகிறவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். அதனால் பர்வதம் ஒரு விதி வைத்தாள். ஒருத்தி ஓர் உருண்டையை எடுத்து அதை அப்பளமாக இட்டு முடிக்கும் வரை பேசலாம். முடிந்ததும் வாயை மூடிக்கொள்ள வேண்டும், அடுத்தவள் உருண்டையை எடுப்பாள். இதில் ஒரு விபரீதம் நேர்ந்தது. நிறையப் பேச ஆசைப்பட்டவர்கள் அப்பளத்தை இட்டுக்கொண்டே இருந்தார்கள். சாலைக் கடைவீதியில் நம் அப்பளம் எடுக்கிற வியாபாரி ஒரு நாள் ஓர் அப்பளத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்ன மாமி, இந்த ஆழ்ச்சை கண்ணாடி மாதிரி இருக்கு? அப்புறத்தே ஆளைக் காணலாமே!" என்று பாதி மலையாளத்தில் கேட்டார். கதை சூடாக இருந்த வாரம் அது. கதை மந்தமாக இருந்தால் அப்பளம் தடித்துவிடும்.

எல்லாவற்றையும்விட மெல்லிய அப்பளங்கள் 'பூட்டிய அலமாரி' ஓடிய காலத்தில் இட்டவை. இரண்டு வருஷத்துக்கு முன்பு. ஊரெல்லாம் அப்போது தெற்குத் தாலுகாக்கள் எந்த ராஜ்யத்தோடு சேர வேண்டும் என்ற சண்டை. ஆண்கள் வெளியே அதைப் பேசித் தொண்டை வறண்டு வந்து காப்பி கேட்டார்கள். உள்ளே எங்களுக்கு வேறு வழக்கு. கதாநாயகி சுகுணா புகுந்த வீட்டுக்கு வந்த புதிதில், அவள் நாத்தனார் தன் நகைகளைத் தானே அலமாரியில் ஒளித்துவைத்துப் பூட்டிவிட்டு, சுகுணா திருடிவிட்டதாகச் சொல்கிறாள். கணவன் பேசாமல் நிற்கிறான். சுகுணாவைக் கட்டிய புடவையோடு வெளியே தள்ளுகிறார்கள். பதினைந்து வருஷம் கழித்து அவள் பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருக்கிறாள். அந்த நாத்தனாரின் பெண்ணுக்கு ஒரு டாக்டர் வீட்டில் கல்யாணம் நிச்சயமாகிறது. டாக்டரின் தாய்க்கு சுகுணா சொல்வதுதான் வேதம். அவள் ஒரு வார்த்தை சொன்னால் கல்யாணம் நின்றுவிடும். சொல்லலாமா, கூடாதா?

கோமு, சொல்ல வேண்டும் என்ற கட்சி. லட்சுமி, பகவான் பார்த்துக்கொள்வான் என்ற கட்சி. அவள் அப்பளம்தான் எப்போதும் சீக்கிரம் முடியும். நான் கோமுவின் பக்கம். எனக்கும் ஒரு நாத்தனார் உண்டு. அதற்குமேல் எழுத மாட்டேன், அவள் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவள்.

பர்வதம் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. எங்களைக் கேள்வி கேட்டுக் குடைந்தாள். "அலமாரி சமாசாரம் நடந்தப்போ அந்தக் கல்யாணப் பொண்ணுக்கு மூணு வயசு. அவ என்ன பண்ணினா?" என்றாள் ஒரு தடவை. "அந்த நாத்தனார் வயத்துல பொறந்தாளே, போறாதா?" என்றாள் கோமு. கூடம் முழுக்க ஆமாம் என்றது. இன்னொரு வாரம், "சரி, பழி வாங்கியாச்சு. மறுநாள் காத்தால எழுந்து சுகுணா என்ன பண்ணுவா?" என்று கேட்டாள். "காப்பி குடிப்பா," என்றாள் கோமு. எல்லாரும் சிரித்தோம். பர்வதம் சிரிக்கவில்லை. "நன்னா குடிப்பாளோ? அதைத்தான் கேக்கறேன். ருசிச்சுக் குடிப்பான்னு உறப்பாச் சொல்லு, நான் ஒத்துக்கறேன்," என்றாள். அதன்பின் அந்தக் கேள்வி அவளோடு ஒட்டிக்கொண்டது. எந்தக் கதையில் யார் யாரைப் பழி வாங்கினாலும், "மறுநாள் காத்தால?" என்பாள். உனக்கு என்னதான் தோன்றுகிறது என்று ஒரு நாள் எரிச்சலோடு கேட்டேன். "எனக்கும் அந்த நாத்தனாரை ரெண்டு அறை விடணும்னுதான் இருக்கு, சாரதா. இருக்கறது தெரியறது. சரியான்னு தெரியலை," என்றாள்.

இனி தங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். எழுதியதை அவளிடம் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் கோடு போட்டு அடித்தாள், ஓர் இடத்தில் சேர்த்தாள்.

தங்கத்துக்கு அப்போது இருபத்தாறு வயது. கல்யாணமாகி எட்டு மாதத்தில் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவளுக்குப் பிராந்து, புத்தி சுவாதீனமில்லை என்று கணவர் வீட்டில் ஊரெல்லாம் சொன்னார்கள். அடுத்த வருஷம் அவர் வேறு கல்யாணம் செய்துகொண்டார். நான்கு வருஷம் அவள் நம்மோடு உட்கார்ந்து அப்பளம் இட்டாள். அவளிடம் எல்லாரும் தணிந்த குரலில், நோயாளியிடம் பேசுவதுபோலப் பேசினோம். விவாதத்தில் அவள் முறை வந்தால் பக்கத்தில் இருப்பவள் சட்டென்று தன் உருண்டையை எடுத்துவிடுவாள். பாவம், அவளை எதற்குச் சங்கடப்படுத்துவது என்று அப்படிச் செய்தோம். நான்கு வருஷத்தில் ஒரு சனிக்கிழமைகூட அவள் முறை அவளுக்குக் கிடைக்கவில்லை. அதைத் தயவு என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு வியாழக்கிழமை நானும் தங்கமும் முற்றத்தில் பாய் விரித்து அப்பளம் உலர்த்திக்கொண்டிருந்தோம். அவளாகப் பேச்சை எடுத்தாள்.

"சாரதா மாமி, யார்கிட்டயும் சொல்லப்படாது. எங்கிட்ட அவர் கைப்பட எழுதின ஒரு கடுதாசி இருக்காக்கும்."

கடிதத்தில் என்ன இருந்தது என்பதைச் சொன்னாள். அதை இங்கே எழுத மாட்டேன். மேலதிகாரி பார்த்தால் அவர் உத்தியோகம் போய்விடும் என்பது மட்டும் போதும்.

"அனுப்பித் தொலையேன்டி!" என்றேன். என் சுபாவம் உங்களுக்குத் தெரியுமே.

"கோயில்ல பூக்கட்டிப் பார்க்கலாம்னு இருந்தேன். செகப்பு வந்தா அனுப்பறது, வெள்ளை வந்தா விட்டுடறது. அப்புறம் தோணித்து, பூவுக்கு என்ன தெரியும், சுகுணாவுக்குன்னா தெரியும்னு. அவ என்ன பண்றாளோ அதையே பண்றதா நேர்ந்துண்டுட்டேன். இந்த சனிக்கிழமை தெரிஞ்சுடும், இல்லையா?"

சுகுணா பழி வாங்கட்டும் என்று வாராவாரம் கத்தியவள் நான். ஆனால் தங்கத்தின் கணவருக்கு இரண்டாவது மனைவி இருந்தாள், அவள் இடுப்பில் ஒரு கைக்குழந்தை இருந்தது. அந்தப் பெண்ணைக் கோயிலில் பார்த்திருக்கிறேன். ஒட்டுப்போட்ட ரவிக்கை. அவள் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்தவளாகத் தெரியவில்லை. பத்திரிகையில் அச்சடித்த நாத்தனாரை எத்தனை தடவை வேண்டுமானாலும் தெருவில் நிறுத்தலாம். இவர்கள் அடுத்த தெருவில் குடியிருந்தார்கள்.

ரகசியத்தை ஒரு மணி நேரம் வைத்திருந்தேன். அதுவே எனக்கு அதிகம். நேரே பர்வதத்தின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். "குழந்தைக்கு எத்தனை மாசம்?" என்றாள். ஏழோ எட்டோ என்றேன். அப்புறம், "தங்கம் ராத்திரியில தூங்கறாளாமா?" என்று கேட்டாள். அது எனக்குத் தெரியவில்லை. நான் கேட்டிருக்கவும் இல்லை.

சனிக்கிழமை வந்தது. பர்வதம் பத்திரிகையைப் பிரித்தாள். கொண்டை ஊசியை எடுக்கவில்லை. பக்கங்கள் முன்னமே கிழித்துப் பிரிக்கப்பட்டிருந்தன. அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. அவள் திக்காமல் திணறாமல் படித்தாள். சுகுணா கல்யாண மண்டபத்துக்குள் வருகிறாள். நாத்தனார் வெலவெலத்து நிற்கிறாள். "கல்யாணத்தை நிறுத்த நான் வரவில்லை. பதினைந்து வருஷத்துக்கு முன்பு அந்த அலமாரியைப் பூட்டியது யார் என்று இந்தச் சபையில் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிடு. எனக்கு அது போதும்," என்கிறாள் சுகுணா. நாத்தனார் அழுதுகொண்டே சொல்கிறாள். மேளம் கொட்டுகிறது. அவ்வளவுதான் அத்தியாயம்.

கூடத்தில் ஒரே ஏமாற்றம். "இதென்ன கதையாக்கும்! வெறுதே ஒரு வார்த்தை கேக்கறதுக்கா பதினஞ்சு வருஷம் காத்துண்டிருந்தா?" என்று கோமு குழவியை டங்கென்று வைத்தாள். அந்த வாரத்து அப்பளங்கள் ரொட்டி கனத்தில் இருந்தன. தங்கம் தலை நிமிரவில்லை. அவள் பலகையில் இருந்த அப்பளம் நடுவில் கிழிந்துவிட்டது, அதைத் திரும்ப உருட்டினாள். எனக்கு உயிர் வந்தது. பர்வதத்தின் சாமர்த்தியத்தை மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

எங்கள் புத்தியைப் பாருங்கள். அந்தப் பத்திரிகை ஊரில் எங்கள் கூடத்துக்கு மட்டுமா வருகிறது? இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் பிராகாரத்தில் அடுத்த தெரு மாமி ஒருத்தி தங்கத்தைப் பிடித்துக்கொண்டு, சுகுணா அந்த நாத்தனாரை எப்படி மண்ணைக் கவ்வ வைத்தாள் என்று கையை ஆட்டி ஆட்டி விவரித்துவிட்டாள்.

திங்கட்கிழமை தங்கம் யாரிடமோ இரவல் வாங்கிய பத்திரிகையோடு வந்தாள். கூடத்தில் பர்வதமும் நானும் மட்டும் இருந்தோம்.

"மாமி, இதைச் செத்த படியுங்கோ."

பர்வதம் கையை நீட்டவில்லை. "படிச்சாச்சு," என்றாள்.

"பின்னே எனக்கு ஏன் வேற படிச்சேள்?"

நான் மாவைப் பார்த்தேன். நான் மாவைப் பார்த்ததிலேயே தங்கத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"எனக்குப் பிராந்துன்னு அவாத்துல சொன்னா," என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "நீங்க யாரும் வாய்விட்டுச் சொல்லலை, அவ்வளவுதான் வித்தியாசம். உள்ளதை உள்ளபடி கேட்டா இவ தாங்கமாட்டா, மாத்தித்தான் குடுக்கணும்னு தீர்மானிச்சேளே, அதுக்கு என்ன பேர் மாமி?"

தங்கம் பத்திரிகையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். செவ்வாய், புதன், வியாழன், மூன்று நாளும் வேலைக்கு வரவில்லை. நான் தபால்காரர் சைக்கிளைக் கண்டாலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை தாங்க முடியாமல் பர்வதத்திடம் போய், "நீ போய் அவளிடம் பேசு, அனுப்பாமல் தடுத்துவிடு," என்று மன்றாடினேன்.

"போய் என்ன சொல்றது?" என்றாள். "அனுப்பாதேன்னா? அவளுக்காக இன்னொரு தடவை நான் தீர்மானம் பண்றதா? வேண்டா சாரதா. அனுப்பினா அனுப்பட்டும். நாளைக்குக் கூடத்துக்கு வரணும்னு மட்டும் போய்ச் சொல்லு."

சனிக்கிழமை கூடத்தில் உட்கார இடமில்லை. பர்வதம் கதையை மாற்றிப் படித்த செய்தி எப்படியோ தெருத்தெருவாகப் பரவி, அப்பளம் இடத் தெரியாதவர்களெல்லாம் வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். தங்கம் வாசற்கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பர்வதம் போன வாரத்துப் பத்திரிகையை எடுத்தாள். அச்சில் உள்ளதை ஒரு வரி விடாமல் படித்தாள். அதைக் குறைத்துப் படிக்கவில்லை, ரசித்துப் படித்தாள். சுகுணா சொல்ல வேண்டிய வார்த்தையைச் சொல்கிறாள், மேளம் நிற்கிறது, நாத்தனார் காலில் விழுகிறாள், கல்யாணப் பெண் மணக்கோலத்தோடு தரையில் உட்கார்ந்துவிடுகிறாள், சுகுணா சிரிக்கிறாள். "அப்படிச் சொல்லு!" என்று கோமு கையைத் தட்டினாள்.

பர்வதம் பத்திரிகையை மூடினாள்.

"போன வாரம் நான் படிச்சது இதுல இல்லை. நானா உண்டாக்கினது. தங்கம் உள்ளதைக் கேட்டா என்ன பண்ணிடுவாளோன்னு பயந்து மாத்தினேன். அவளுக்குத் தானா யோசிக்கத் தெரியாதுன்னு நெனச்சுண்டேன். அது பொய். அவ புத்திக்கு ஒரு கொறையும் இல்லை, ஒரு நாளும் இருந்ததில்லை. பக்கத்துல உட்கார்ந்து நாலு வருஷமாப் பார்த்துண்டுதான் இருக்கோம். தெரிஞ்சுண்டே ஒருத்தரும் வாயைத் திறக்கலை. நான் இப்போ திறக்கறேன். தங்கம், என்மேல தப்பு."

தங்கத்தின் புத்திக்குக் குறையில்லை என்ற வார்த்தையை நான்கு வருஷத்தில் எங்கள் தெருவில் யாரும் சொன்னதில்லை. நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். லட்சுமிகூட பகவானைக் கூப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். தங்கம் கதவுப் பக்கத்திலிருந்து எழுந்து வந்து தன் பலகையின் முன் உட்கார்ந்தாள். ஓர் உருண்டையை எடுத்தாள். பக்கத்தில் இருந்த கோமு பழக்க தோஷத்தில் தன் உருண்டைக்குக் கையை நீட்டினாள்.

"கோமு மாமி, இப்போ என் முறையாக்கும்," என்றாள் தங்கம்.

குழவியை உருட்டிக்கொண்டே பேசினாள். "சுகுணாவுக்குக் கோபம் வந்தது சரி. பதினஞ்சு வருஷம் ஆனாலும் சரிதான். அந்தப் பொண்ணை மணையிலேர்ந்து எழுப்பினது சரியில்லை. ரெண்டையும் சேர்த்து நெனைக்கப்படாதுன்னு யாரும் சொல்லலையே? எனக்கு அநியாயம் பண்ணினவாளை நான் மன்னிக்கலை. மன்னிக்கணும்னு யாரும் சொல்லவும் வேண்டா. எங்கிட்ட ஒண்ணு இருக்கு. அது என்னன்னு ரெண்டு பேருக்குத் தெரியும்." நான் கூனிக் குறுகினேன். "அதை என்ன பண்றதுன்னு நான் யோசிச்சுக்கறேன். பூவும் சொல்ல வேண்டா, சுகுணாவும் சொல்ல வேண்டா, பர்வதம் மாமியும் சொல்ல வேண்டா."

அப்பளம் முடிந்தது. நல்ல வட்டம். அதைத் தட்டில் போட்டுவிட்டு, விதிப்படி வாயை மூடிக்கொண்டாள்.

பர்வதம் அந்த வாரத்துப் புதுப் பத்திரிகையையும், உருவிய தன் கொண்டை ஊசியையும் அவளிடம் நீட்டினாள். "இந்த வாரம் நீ படி. நான் படிச்சா இனிமே யாரும் நம்பப்படாது," என்றாள். அழுதுகொண்டிருந்த எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. தங்கம் எழுந்து போய்ப் படிக்கிறவள் இடத்தில் உட்கார்ந்து, ஊசியால் பக்கத்தைக் கிழித்தாள். அவள் குரல் அவ்வளவு கணீரென்று இருக்கும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. எப்படித் தெரியும்?

அன்று முதல் தங்கம்தான் நம் கூடத்தில் படிக்கிறாள். படிக்கிறவளின் பங்கைப் பிரித்து எடுக்க நாங்கள் கையை நீட்டினோம். பர்வதம் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "வேண்டா, அது முழுக்க எனக்கு," என்றாள். காய்ச்சலில் படுக்கும் வரைக்கும் இரண்டு வருஷம், சனிக்கிழமைதோறும் தன் பங்கோடு தங்கத்தின் பங்கையும் அவள் ஒருத்தியே இட்டாள். எல்லாரும் எழுந்து போன பின்னும் உட்கார்ந்து இட்டுக்கொண்டிருப்பாள், கணவர் தெருவில் நின்று மூன்றாம் தடவை இருமுவார்.

சுவரோரம் வந்து உட்கார்ந்தவர்கள் அன்று சாயங்காலத்துக்குள் பர்வதத்தின் பேச்சைத் தெரு முழுக்கக் கொண்டுபோனார்கள். தங்கத்திடம் தணிந்த குரலில் பேசுவது நின்றது. இப்போது கோமு அவளோடு உரத்த சண்டையே போடுகிறாள். கணவர் தரப்பில் யாரும் வந்து எதுவும் சொல்லவில்லை. அவர் இன்றைக்கும் அதே உத்தியோகத்தில்தான் இருக்கிறார். அந்தக் கடிதம் என்ன ஆயிற்று என்று சென்ற வாரம் தங்கத்திடம் கேட்டேன். "இருக்கு," என்றாள். அதற்குமேல் சொல்லவில்லை. எனக்குத் தலை வெடிக்கிறது, ஆனாலும் கேட்கவில்லை.

பதின்மூன்றாம் நாள் ஆனபின் பர்வதத்தின் கணவர் என்னை அழைத்து ஒரு பழைய பத்திரிகையைக் கொடுத்தார். "அவ பெட்டியில இருந்தது. உங்களுக்குத் தெரியுமோ என்னமோ," என்றார். அந்த வாரத்துப் பத்திரிகைதான். உள்ளே பென்சிலில் எழுதிய மூன்று தாள்கள் இருந்தன. ஒரே மூச்சில் கற்பனை செய்து படித்தாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் தாளில் சுகுணா நாத்தனாரை மன்னித்துக் கட்டிக்கொள்கிறாள், குறுக்கே கோடு. இரண்டாவதில் சுகுணா பழி வாங்குகிறாள், ஆனால் பெண்ணின் கல்யாணம் வேறு இடத்தில் நடந்துவிடுகிறது, அதற்கும் கோடு. மூன்றாவதுதான் நாங்கள் கேட்டது. அதன் கீழே, 'மறுநாள் காலை?' என்று எழுதி, பதில் எழுதாமல் விட்டிருக்கிறாள். பழி வாங்குவது சரியா என்று அவளுக்குக் கடைசி வரை தெரியவில்லை என்றே நினைக்கிறேன். தெரிந்த மாதிரி அவள் நடிக்கவும் இல்லை.

தாள்களைத் தங்கத்திடம் காட்டினேன். மூன்றையும் படித்துவிட்டு, "நீங்களே வெச்சுக்கோங்கோ. ஆனா அச்சுல இருக்கற பக்கத்தையும் கிழிக்காம சேர்த்து வெச்சுக்கோங்கோ," என்றாள். அப்படியே வைத்திருக்கிறேன்.

பர்வதத்திடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தத் தாள்கள் மட்டும் இல்லை. பர்வதம் சபையில் எழுந்து தன் தப்பைச் சொன்ன அன்று, சொல்ல வேண்டியவள் இன்னொருத்தியும் அங்கே இருந்தாள். யாரிடமும் சொல்லாதே என்று நம்பிச் சொன்னதை ஒரு மணி நேரத்தில் வெளியே விட்டவள் நான். பர்வதம் எல்லாவற்றையும் தன்மேல் போட்டுக்கொண்டாள், என் பெயரை எடுக்கவே இல்லை. நானும் சௌகரியமாக அழுதுகொண்டு உட்கார்ந்திருந்துவிட்டேன். இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இந்தப் பத்திரிகையை நாலு தெருவிலும் படிக்கிறீர்கள். அதனால் இங்கேயே எழுதுகிறேன். தங்கம், என்மேல் தப்பு. இந்த இடத்தையும் அவளிடம் படித்துக் காட்டினேன். அடிப்பாள் என்று பார்த்தேன். அடிக்கவில்லை.

சென்ற சனிக்கிழமை கூடம் மறுபடி கூடியது. தங்கம் பர்வதத்தின் கொண்டை ஊசியால் பக்கத்தைப் பிரித்தாள். தங்கத்தின் பங்கு உருண்டைகள் தட்டில் அப்படியே இருந்தன. யார் எடுப்பது என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நான் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"சாரதா மாமி, உங்களுக்கு முதுகுவலியாச்சே. அவ்வளவையும் எப்படி இடுவேள்?" என்றாள் தங்கம்.

"நீ படி," என்றேன்.